எள் ரொட்டிக் கொண்டை

கைப்பேசியில் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். படத்தில் இருப்பவளுக்கு இடுப்பு வரை முடி. கேட்பவளுக்குத் தோள் வரை. நடுவில் குறைகிற முடிக்கு நான் எங்கே போவேன்? ஆனாலும் முகத்தைச் சுளிக்க முடியாது. எங்கள் ஊர் அசெனோவ்கிராத் முழுக்கக் கல்யாண உடுப்புக் கடைகள். வீதிக்கு வீதி வெள்ளைக் கவுன் தொங்குகிறது. கவுனுக்கு மேலே ஒரு தலை வேண்டுமே, அந்தத் தலைகளை வைத்துத்தான் என் பார்லர் ஓடுகிறது.

இப்போது எல்லாப் பெண்களுக்கும் அறுபதுகளின் கொண்டைதான் மோகம். முன்பக்கம் வழவழவென்று வாரி, உச்சியில் பானையைக் கவிழ்த்தது போல உயர்த்த வேண்டும். தோள்வரை முடியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்டால், நடக்கும். ரகசியம் முடிக்குள் இருக்கிறது. வலைத்துணியைச் சுருட்டி வளையமாகத் தைத்த ஒரு திண்டு. அதை உச்சியில் வைத்து, முடியை மேலே வாரிப் போர்த்தி, நுனிகளை அடியில் செருகி, ஊசி குத்தி, கண்ணை மூடச் சொல்லி ஸ்ப்ரே அடித்தால் போதும். உள்ளே இருப்பதும் முடிதான் என்று ஊர் நம்பிவிடும். என்னிடம் நல்ல திண்டு ஒன்றுதான் இருந்தது, பெரியது, பழுப்பு நிறம். இன்னொன்று இருந்தது, ஆனால் துவைத்துத் துவைத்து முட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரியதை நெவேனாவின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

நெவேனா என் பக்கத்து வீட்டுப் பெண். ப்ளோவ்திவ் நகரத்தில், முதுகு பிடித்துக்கொண்டவர்களை நீவி நிமிர்த்துகிற வேலை. அவளோடு கை குலுக்கினால் பிறகு உங்கள் விரல்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவள் கட்டிக்கொள்ளப் போகிற யாவோர் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. அவனுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவன் அம்மா தோப்ரின்கா இருந்தாள்.

பிரச்சினை வீட்டைப் பற்றியது. மகன் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே தோப்ரின்கா அவனுக்காகத் தன் வீட்டின் மேல் ஒரு மாடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் சுவர், ஒரு வருஷம் ஜன்னல், ஒரு வருஷம் குளியலறைக்கு ரோஸ் நிற ஓடு. திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாள். நெவேனாவோ ப்ளோவ்திவில் வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். மாமியாரின் தலைக்கு மேலே நடந்தால் ஒவ்வோர் அடியும் கீழே கேட்கும், அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நெவேனா சுலபத்தில் அழுகிறவள் இல்லை.

நிச்சயத்தன்று வாக்குவாதம் முற்றியபோது, யாவோர் சண்டையைத் தணிக்கிறேன் பேர்வழி என்று, "ரொட்டி சொல்லட்டுமே" என்று சிரித்தான். எங்கள் கல்யாணங்களில் மாமியார் சுட்ட ரொட்டியைப் பெண்ணும் மாப்பிள்ளையும் தலைக்கு மேலே தூக்கி ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ அவர் பேச்சுதான் வீட்டில் எடுபடும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு எல்லாரும் சாப்பிட உட்காருவார்கள். தோப்ரின்கா சிரிக்கவில்லை.

"சரி. பெரிய துண்டு யார் கையிலயோ, அவங்க சொல்ற வீடு. கூம் முன்னாடி சத்தியம் பண்ணுங்க."

கூம் என்றால் கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறவர். அன்றைக்கு அவர் சொன்னால் சொன்னதுதான், பாதிரியாருக்குக்கூட அவருக்கு அடுத்த இடம்தான். எங்கள் கூம் ஸ்பாஸ். மற்ற நாட்களில் மாவட்டக் கால்பந்து நடுவர். கோட்டு போட்டாலும் கழுத்தில் ஊதலைத் தொங்கவிடுகிற மனிதர். சத்தியத்தை வாங்கிக்கொண்டு ஒரு முறை ஊதினார்.

அன்றிலிருந்து நெவேனா பயிற்சியில் இறங்கினாள். வேலை முடிந்து வரும்போது ஒரு ரொட்டியோடு வந்து, என் பார்லரில் என்னோடு இழுப்பாள். இழுக்கக்கூடாது, கட்டைவிரலை அடியில் கொடுத்துத் திருகணும் என்று கண்டுபிடித்தாள். என்னால் ஒரு முறைகூட ஜெயிக்க முடியவில்லை. தோற்ற துண்டுகளையும் ஜெயித்த துண்டுகளையும் வெண்ணெய் தடவித் தின்று இருவரும் ஒரு சுற்று பெருத்ததால் கவுனைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

கல்யாணக் காலையில் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நெவேனா வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, தோப்ரின்கா பார்லருக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அந்த அறுபதுக் கொண்டை போடு."

"உங்களுக்கு நேரம் குறிக்கலியேக்கா."

"மாப்பிள்ளையோட அம்மாவுக்கு நேரம் வேற குறிக்கணுமா? எனக்கும் தோள்வரைதான் முடி. அந்தப் பொண்ணுக்கு வர்றது எனக்கு வராதா?"

தொலையட்டும் என்று பெரிய திண்டை மேசையில் வைத்துவிட்டு, சின்னதை வைத்து அவசரமாக ஒரு கொண்டை போட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தலையில அடிபட்டு வீங்கின மாதிரி இருக்கு" என்றாள். அதற்குள் கவுன் கடையிலிருந்து தொலைபேசி. முத்து வைத்த பட்டன் ஒன்று உதிர்ந்துவிட்டதாம். பேசி முடித்துத் திரும்பினால் தோப்ரின்கா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். கொண்டை கம்பீரமாக எழும்பியிருந்தது.

"நானே சரி பண்ணிக்கிட்டேன். என்ன பெரிய வித்தை இது."

எப்படி எழும்பியது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. மேசையில் கிடந்த திண்டைப் பார்க்காமலே அள்ளிப் பெட்டிக்குள் போட்டேன், பூட்டினேன், ஓடினேன்.

நெவேனா கவுனில் தயாராக உட்கார்ந்திருந்தாள். முடியைச் சீவி, பின்பக்கம் சிக்குப் போட்டு, "இப்ப பாரு" என்று பெட்டியைத் திறந்தேன். முட்டை அளவுத் திண்டு என்னைப் பார்த்தது. பார்லருக்கு ஓடி வேறு எதையாவது எடுத்து வரலாம் என்று வாசலுக்குப் பாய்ந்தால், நெவேனாவின் அம்மா குறுக்கே நின்றாள்.

"எங்க போறே?"

"ஒரு சாமான் மறந்துட்டேன். இதோ வந்துடறேன்."

"கல்யாணத்தன்னைக்கு வந்த வழியே திரும்பிப் போறதா? என் பொண்ணு வாழ்க்கை பாதியிலயே திரும்பி வரணுமா? கால எடுத்து வெளிய வெச்சே, அப்புறம் உள்ள வராதே."

மறந்ததை எடுக்கத் திரும்புவது எங்களுக்கு ஆகாது. சாதாரண நாளில்கூடத் திரும்ப மாட்டோம். கல்யாணத்தன்று அதைப் பற்றி விவாதம் செய்கிறவளை ஊரில் பைத்தியம் என்பார்கள். நான் உள்ளேயே தேடினேன். நெவேனா அப்பாவின் கம்பளிக் காலுறை ஒன்று கிடைத்தது, மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். பாத்திரம் தேய்க்கிற பஞ்சு பச்சை நிறம். அப்போதுதான் சமையலறைக் கதவில் மாட்டியிருந்த எள் ரொட்டிகள் கண்ணில் பட்டன. நாங்கள் காலையில் தின்கிற, வளையமாகச் சுட்டு எள் தூவின கெவ்ரெக் ரொட்டி. முந்தின நாள் வாங்கியது, கல் மாதிரி காய்ந்திருந்தது. நெவேனாவின் முடியின் அதே பழுப்பு. நடுவில் ஓட்டை. கடவுளே எனக்காகச் சுட்டு அனுப்பியது போல இருந்தது.

"மில்காக்கா, என்ன கனமா இருக்கு?" என்றாள் நெவேனா.

"புது மாடல் திண்டு."

"எள் வாசனை வருது."

"ஸ்ப்ரேயோட வாசனை. இங்க பாரு, இன்னைக்கு முழுக்க யாருக்கும் தலையாட்டக் கூடாது. ஆமான்னாலும் வாயால சொல்லு, இல்லைன்னாலும் வாயால சொல்லு."

சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கையால் போட்ட கொண்டைகளிலேயே அதுதான் அழகு. நேராக, திடமாக, ஒரு முடி பிசகாமல் நின்றது. மேளமும் கிளாரினெட்டுமாக மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நெவேனா சடங்குப்படி வாசலில் வைத்த தண்ணீர்ச் செம்பைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டு, கழுத்தை அசைக்காமல் ராணி போல நடந்தாள். ஊரே வாயைப் பிளந்தது. கிளாரினெட்காரன் மட்டும் அவள் பின்னாலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

தேவாலயத்தில்தான் சனி பிடித்தது. எங்கள் சடங்கில் பாதிரியார் இருவர் தலையிலும் கிரீடம் வைப்பார். யாவோரின் தலையில் அது ஒழுங்காக உட்கார்ந்தது. நெவேனாவின் தலையில் வைத்தால் கொண்டையின் மேல் ஆடியது. பாதிரியாருக்கு ஆடுகிற கிரீடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். "மடக்" என்று சத்தம். பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

"கழுத்தா?" என்று கேட்டார் பாதிரியார், மெதுவாக.

"இல்ல ஃபாதர்," என்றாள் நெவேனா. முகம் வெளுத்துவிட்டது. எலும்புச் சத்தம் கேட்டே பழகிய பெண், தன் உடம்பில் எது முறிந்தது என்று ஒவ்வொன்றாக யோசித்திருப்பாள். எனக்கு மட்டும்தான் தெரியும், முறிந்தது ரொட்டி. இனி கொண்டைக்கு உள்ளே பிடிமானம் இல்லை. என் ஊசிகளும் ஸ்ப்ரேயும் எவ்வளவு நேரம் தாங்குமோ, அவ்வளவு நேரம்தான்.

விருந்து ஆற்றோரத்து உணவகத்தில். அங்கேதான் தோப்ரின்காவின் தலையைச் சரியாகப் பார்த்தேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது. நான் தொலைபேசியில் இருந்தபோது சின்னதை எடுத்துப் போட்டுவிட்டுப் பெரியதை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள். என் திண்டு, நெவேனாவின் திண்டு, மாமியார் தலையில் சுகமாக உட்கார்ந்து விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கூட்டத்தின் நடுவில் என்ன சொல்வது? உங்கள் தலையைக் கழற்றிக் கொடுங்கள் என்றா?

தோப்ரின்கா தட்டில் ரொட்டியோடு வந்தாள். இருவர் வாயிலும் தேன் தொட்ட ஒரு விள்ளலை ஊட்டினாள். பிறகு ரொட்டியை அவர்கள் தலைக்கு மேலே நீட்டினாள். பாதி வழியில் தட்டை ஒரு சுழற்று சுழற்றினாள். ரொட்டி ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்ததை நான் பார்த்தேன். தடிப் பக்கம் மகனுக்கு வந்தது.

"அக்கா, தட்டு சுத்துதே," என்றேன்.

"என் ரொட்டி, என் தட்டு," என்றாள்.

மெலிந்த பக்கம் என்றாலும் நெவேனா பயப்படவில்லை. கட்டைவிரலை அடியில் கொடுத்தாள். யாவோரின் முகத்தில் வேர்வை. ஸ்பாஸ் ஊதினார். அவள் திருகத் தொடங்கியதுமே ரொட்டி அவள் பக்கம் வாய் பிளந்தது. ஜெயித்துவிட்டாள் என்று நான் எழுந்தே விட்டேன். அந்த நேரம் கொண்டை இடப்பக்கம் சாய்ந்தது. தலையில் இருப்பது சரிகிறது என்றால் எந்தப் பெண்ணின் கையும் தானாக மேலே போகும். நெவேனாவின் ஒரு கை ரொட்டியை விட்டுவிட்டுக் கொண்டையைப் பிடிக்கப் போனது. யாவோர் இழுத்த இழுப்பில் முழு ரொட்டியும் அவனோடு போயிற்று. அவள் கையில் நின்றது விரல் நீளத்துக்கு ஒரு மேல்தோல்.

இழுத்த வேகத்தில் தடுமாறிய யாவோரின் முழங்கை அவள் தலையில் இடித்தது. ஊசிகள் தெறித்தன. கொண்டை பிரிந்து முடி முகத்தில் விழ, அதோடு பாதி கெவ்ரெக் தோளில் விழுந்து மேசைக்கு உருண்டது. மீதி துண்டு துண்டாக முதுகில். எள் மழையாகக் கொட்டியது. மேளம் நின்றது. கிளாரினெட்காரன் ஒரு துண்டைப் பொறுக்கி வாயில் போட்டு, "நான் அப்பவே நெனச்சேன்," என்றான்.

நெவேனா அந்த மேல்தோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. அவள் தோற்றது என் கெவ்ரெக்கால். பாதிக் கெவ்ரெக்கை மேசையிலிருந்து எடுத்து உயர்த்திப் பிடித்தேன்.

"ஸ்பாஸ் அண்ணே, இதையும் கணக்குல சேருங்க. இதுவும் ரொட்டி. இதுவும் அவ தலைக்கு மேலதான் இருந்துது."

ஸ்பாஸ் ஊதலைக் கடித்தபடி யோசித்தார். "ரொட்டிதான். தலைக்கு மேலதான். நியாயம் இருக்கு."

"என்ன நியாயம்?" தோப்ரின்கா குறுக்கே வந்தாள். "என் அடுப்புல வெந்ததா அது? தலையில ரொட்டிய மறைச்சு வெச்சு ஆடற ஆட்டத்த எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"அதுவும் நியாயம்தான்," என்றார் ஸ்பாஸ்.

"ரொட்டிய யாரும் மறைக்கலக்கா," என்றேன். இனி என்ன ஆனாலும் ஆகட்டும். "அவ தலையில இருக்க வேண்டியது உங்க தலையில இருக்கு. அதனாலதான் அவ தலையில காலைப் பலகாரம் இருக்கு."

கூட்டம் மொத்தமும் தோப்ரின்காவின் கொண்டையைப் பார்த்தது. அவள் முகம் சிவந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பொய் சொல்லவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, திண்டை வெளியே எடுத்து, என் கையில் திணித்தாள். அவள் முடியும் தோளில் சரிந்தது. மணமகளும் மாமியாரும் இப்போது தூங்கி எழுந்தவர்கள் போல எதிரெதிரே நின்றார்கள்.

"இந்தா. திண்ட நான் எடுத்தேன், தப்புதான். ஆனா ரொட்டிய நான் எடுக்கல. பெரிய துண்டு என் பையன் கையில இருக்கு. ஜெயிச்சது அவன். சத்தியம் சத்தியம்தானே, கூம்?"

ஸ்பாஸ் வேறு வழி இல்லாமல் நீளமாக ஊதினார். "யாவோர் ஜெயிச்சான். அவன் சொல்ற வீடு."

நெவேனா மேல்தோலைத் தட்டில் வைத்தாள். தோப்ரின்கா கைகளைக் கட்டிக்கொண்டு, "சொல்லுடா," என்றாள். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. எந்த வீடு?"

யாவோரால் உடனே பேச முடியவில்லை. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஜெயித்த ரொட்டியில் கால்வாசியைத் தின்றிருந்தான். மென்று விழுங்கினான்.

"ப்ளோவ்திவ்," என்றான்.

தோப்ரின்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"ஏன்டா, என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கலியேம்மா. இவளும் கேக்கல. ரெண்டு பேரும் ரொட்டியத்தான் கேட்டீங்க."

அவன் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்கில் நெவேனாவோடு ரொட்டி இழுத்தவள் நான். மாப்பிள்ளையைக் கேட்டாயா என்று ஒரு தடவை என் வாயில் வந்ததா? வரவில்லை. நெவேனா முடியை முகத்திலிருந்து ஒதுக்கி அவனை முதல் முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"அப்ப நான் ஜெயிச்சிருந்தாலும் ப்ளோவ்திவ்தான்."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அந்த இழுப்பு இழுத்தே? என் தலையே போச்சு."

யாவோர் தயங்கினான். "பசி," என்றான். "எல்லாரும் உங்க ரெண்டு பேர் தலையையே பாத்துட்டிருந்தீங்க. காலையிலேருந்து எனக்கு யாரும் சாப்பிட எதுவும் குடுக்கல."

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பரிமாறும் மேசைக்கு ஓடினார்கள். தோப்ரின்கா ஒரு தட்டை எடுத்தாள், நெவேனா ஒரு தட்டை எடுத்தாள். கவிழ்த்த துடைப்பம் போன்ற முடியோடு இரண்டு பேரும் அவன் முன்னால் வந்து நின்றார்கள். தோப்ரின்கா வழக்கம்போல ஆட்டுக்கறியை அவன் பக்கம் தள்ளப் போனாள், பாதியில் கையை நிறுத்திக்கொண்டாள்.

"உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டாள். "ஆடா, கோழியா?"

யாவோர் யோசித்தான். இந்த மாதிரிக் கேள்வி அவனுக்குப் பழக்கமில்லை, நேரம் எடுத்தது. இரண்டு பேரும் தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.